நீதிமன்றக் கேமரா யாரைப் பார்க்க வேண்டும்?

நீதிமன்ற விசாரணையை நேரலையில் காட்டலாமா கூடாதா என்று யாராவது ஆரம்பித்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கேமராவை யார் மேல் வைக்கப் போகிறீர்கள்? நீதிபதி மீதும் வக்கீல் மீதும் என்றால் தாராளமாக வையுங்கள். சாட்சிக் கூண்டில் நிற்பவர் மீது என்றால் வேண்டவே வேண்டாம்.

நம் உச்ச நீதிமன்றம் நேரலைக்குச் சம்மதித்துத் தீர்ப்புச் சொன்னது 2018-இல். அரசியல் சாசனக் கேள்விகளை ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நீதிபதிகள் சேர்ந்து கேட்கும் அரசியல் சாசன அமர்வின் விசாரணைகள் முறையாக ஒளிபரப்பாகத் தொடங்கியது 2022 செப்டம்பரில். தானே சொன்னதைத் தானே செய்ய நாலு வருஷம்! குஜராத் உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே, 2020-லேயே, யூடியூபில் காட்ட ஆரம்பித்துவிட்டது. சரி, தாமதமானாலும் வந்ததே. 2023-இல் காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து பற்றிய 370-ஆவது பிரிவு வழக்கின் வாதம் 16 நாள் நடந்தது, அதில் கொஞ்சமாவது பார்த்தவர்களுக்குத் தெரியும், சினிமா கோர்ட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வக்கீல் ஒரு பக்க எண் சொல்வார், நீதிபதி எந்த ஆவணத் தொகுதி என்பார், பிடிஎஃப் பக்கமா அச்சில் உள்ள பக்கமா என்று அடுத்த கேள்வி வரும், எல்லோரும் சேர்ந்து தேடுவார்கள். அலுப்புதான். ஆனால் நாட்டின் தலையெழுத்தை மாற்றும் வழக்கில் எந்த நீதிபதி என்ன கேட்டார், அரசுத் தரப்பு எந்தக் கேள்விக்கு மழுப்பியது என்பதை மறுநாள் பேப்பரில் நாலு வரியாகப் படிப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றா?

கேமரா இருந்தால் வக்கீல்கள் நடிப்பார்கள் என்கிறார்கள். கேமரா இல்லாதபோது நடிக்காமலா இருந்தார்கள்?

2024-இல் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் விசாரணையின்போது ஒரு சமூகத்தினர் வசிக்கும் பகுதியைப் பற்றியும் ஒரு பெண் வழக்கறிஞரிடமும் பேசிய சர்ச்சைப் பேச்சு வெளியே வந்ததே நேரலைத் துண்டுகளால்தான். உச்ச நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது, அவர் வருத்தம் தெரிவித்தார், விஷயம் முடிந்தது. அப்போது நேரலையை நிறுத்துவது தீர்வல்ல, வெளிச்சம் உறுத்தினால் இன்னும் வெளிச்சம்தான் வேண்டும் என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கேமரா இல்லாத காலத்தில் இப்படி எத்தனை பேச்சு அந்த அறையோடு போயிருக்கும்?

இப்போது சாட்சிக்கு வருகிறேன். ஒருவர் சாட்சி சொல்லும்போது அடுத்து சொல்லப்போகிறவர் உள்ளே உட்காரக்கூடாது, வெளியே அனுப்பிவிடுவார்கள். முன்னவர் சொன்னதைக் கேட்டு இவர் தன் கதையைச் சரிசெய்துகொள்ளக் கூடாது என்பதற்காக. நேரலை வந்தால் அவர் வராந்தாவில் நின்றபடி போனில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். அப்புறம் அந்த ஏற்பாட்டுக்கு என்ன அர்த்தம்? ஏற்கெனவே சாட்சிகள் மிரட்டப்பட்டு, முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆகிற இடத்தில் அவர்களுடைய முகத்தையும் ஊருக்கெல்லாம் காட்ட வேண்டுமா?

அமெரிக்காவில் இதையெல்லாம் பட்டுப் பார்த்துவிட்டார்கள். டெக்சாஸில் எஸ்டஸ் என்பவர் வழக்கில் 1962-இல் நடந்த ஆரம்பகட்ட விசாரணையில் குறைந்தது 12 கேமராக்காரர்கள், தரையெல்லாம் வயர், நீதிபதி மேசையில் மட்டும் மூன்று மைக். ஆசாமி பேர்போன மோசடிக்காரர்தான், ஆனாலும் 1965-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று தண்டனையை ரத்து செய்தது. வயர் எல்லாம் இப்போது இல்லை, உண்மைதான். ஆனால் 2022-இல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்புக்கும் அவருடைய முன்னாள் மனைவி ஆம்பர் ஹெர்டுக்கும் இடையிலான அவதூறு வழக்கில் நடந்தது அதைவிட மோசம். தீர்ப்பு சரியா தப்பா என்பதை விடுங்கள். பாலியல் வன்முறை பற்றி ஒரு பெண் கூண்டில் அழுதுகொண்டு சொன்னதற்கு வாயசைத்து டிக்டாக்கில் வீடியோ போட்டுச் சிரித்தார்கள். தீர்ப்பை முடிவு செய்யும் பொதுமக்களான அந்த ஜூரி உறுப்பினர்கள் தினமும் மாலையில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். போன் பார்க்கக்கூடாது என்று சொன்னால் பார்க்காமல் இருந்திருப்பார்களாம்!

அதே அமெரிக்காவில் முந்தைய வருஷம், போலீஸ்காரர் ஒருவர் கொன்ற ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலை வழக்கு முழுவதும் ஒளிபரப்பானது, ஆனால் சம்பவத்தின்போது சிறார்களாக இருந்த சாட்சிகளின் குரல் மட்டும் வந்தது, முகம் வரவில்லை. இங்கிலாந்து இன்னும் ஒரு படி மேலே. 2022 முதல், கடுமையான குற்றங்களை விசாரிக்கும் கிரௌன் நீதிமன்றங்களில் பெரிய வழக்குகளில் தண்டனை அறிவிப்பதைப் படம் பிடிக்க அனுமதி உண்டு, ஆனால் திரையில் நீதிபதி மட்டும்தான். குற்றவாளி, சாட்சி, பாதிக்கப்பட்டவர் யாரும் வர முடியாது. ஏன் இந்த நபருக்கு இத்தனை வருஷம் என்று நீதிபதி தன் வாயால் விளக்குகிறார், அது போதும். மனசு இருந்தால் வழி இருக்கிறது.

எனக்கு உள்ள பெரிய ஆசை இன்னொன்று. நம் விசாரணை நீதிமன்றங்களில் சாட்சி சொல்வது பெரும்பாலும் கேள்வி பதிலாகப் பதிவாவதில்லை. நீதிபதி அதைத் தொகுத்துச் சொல்லச் சொல்ல ஒருவர் தட்டச்சு செய்வார். சாட்சி தயங்கினாரா, வக்கீல் எப்படி மிரட்டிக் கேட்டார் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்காது, மேல்முறையீட்டில் நீதிபதிகள் படிப்பதோ அந்தக் காகிதத்தைத்தான். அங்கே யூடியூப் எதற்கு? ஒரு ஒலிப்பதிவுக் கருவி வையுங்கள், பதிவு நீதிமன்றப் பொறுப்பிலேயே இருக்கட்டும், இரண்டு தரப்புக்கும் மேல் நீதிமன்றத்துக்கும் மட்டும் பிரதி கொடுங்கள். நேரலைக்குப் போடும் சண்டையில் பாதியை இதற்குப் போட்டிருந்தால் எப்போதோ வந்திருக்கும்.