டாக்டருக்கு என்ன குறை என்று கேட்பவர்களுக்கு

"உனக்கென்னத்தா குறை, டாக்டரு!" காரைக்குடியில் மாலை நேரம் நான் உட்காரும் கிளினிக்குக்கு வரும் ஆச்சிமார் வாழ்த்தாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

தனியார் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். வருஷத்துக்கு 6 லட்சம் வீதம் 5 தவணை, மொத்தம் 30 லட்சம். எல்லாமே வங்கிக் கடன். ஈடாக அப்பா கொடுத்தது தேவகோட்டை வீட்டுப் பத்திரம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சிரித்த முகமாகச் சொன்னார்கள். தவணைதான் கிடையாது, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை. நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி, அதற்கு மேல் ஒரு வருஷம். 10 சதவீத வட்டியில், கடனுக்கு முதல் தவணை கட்டும் முன்பே 13.5 லட்சம் ஏறிவிட்டது. அதையும் அசலோடு சேர்த்து 43.5 லட்சத்துக்குக் கணக்குப் போட்டார்கள். 15 வருஷம், மாதம் 46,700 ரூபாய். முதல் மாதம் கட்டியதில் 36,250 வட்டிக்கே போனது. அசலில் கழிந்தது பத்தாயிரத்துச் சொச்சம்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போய், வட்டித் தொழிலில் தழைத்த ஊர்கள் இவை. வட்டி குட்டி போடும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்த ஊரிலேயே, "படிப்புக் கடன்தானே, கவர்மெண்ட் தள்ளுபடி பண்ணிடும்" என்கிறார்கள். யாருக்குத் தள்ளுபடி செய்தார்கள்? வரிச் சலுகையாவது உண்டா? வருமான வரியில் வட்டிக்கு மட்டும் கழிவு, அதுவும் 8 வருஷம்தான். புதிய வரிமுறைக்குப் போனால் அதுவும் கிடையாது.

பகலில் ஒரு மருத்துவமனையில் டியூட்டி டாக்டர், சம்பளம் 50,000. வந்த வேகத்தில் வங்கிக்குப் போய்விடும். சாப்பாடு, பெட்ரோல், வாடகை எல்லாம் மாலை கிளினிக்கில் வருவதை வைத்துத்தான். ஃபீஸ் 150. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வருவார். சிமெண்ட் தின்ற உள்ளங்கை, வெடிப்புக்குள் இறங்கிய சிவப்புச் சாயம் எவ்வளவு கழுவினாலும் போகாது. கையுறை போட்டால் டைல்ஸில் பூ சரியாக விழாது என்பார். அவரிடம் 300 கேட்க எனக்கு வாய் வருமா?

இதில் "எம்.டி. பண்ணலையா?" என்று வேறு கேட்கிறார்கள். அந்த 3 வருஷ மேற்படிப்பு முடியும்வரை தவணையை யார் கட்டுவது?

ஒருநாள் ஸ்கேன் சென்டர் ஆள் வந்து கவரை மேஜையில் வைத்தார். "மாசம் இத்தனை கேஸ் அனுப்புங்க மேடம், மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்." திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் கடன்பட்ட இளம் டாக்டர்களைத் தேடித்தான் இவர்கள் வருகிறார்கள். கமிஷனுக்கு டெஸ்ட் எழுதுகிறவரைத் திட்டுங்கள், நானும் திட்டுவேன். அவர் கழுத்தைப் பிடித்து நெருக்கும் தவணையைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை? அந்த நெருக்கடி கடைசியில் ஆத்தங்குடி அண்ணன் தலையில்தானே விடியும்!

2020-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மனசாரச் சந்தோஷம். சிவகங்கைக்கு 2012-லும் புதுக்கோட்டைக்கு 2017-லும் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததும் நல்லதுதான். ஆனால் அந்த இடங்கள் கிடைக்காமல் வீட்டை அடகு வைத்துப் படித்தவர்களும் இதே ஜனங்களுக்குத்தான் வைத்தியம் பார்க்கிறோம்.

வங்கிக்கும் அரசுக்கும் சொல்கிறேன்: படிக்கும் காலத்துக்கும் ஹவுஸ் சர்ஜன் காலத்துக்கும் வட்டி போடாதீர்கள். சின்ன ஊரில் குறைந்த ஃபீஸுக்குப் பார்க்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் அசலில் கொஞ்சம் கழியுங்கள். அப்புறம், தவணை நாலு நாள் தள்ளிப்போனால் அப்பாவுக்குப் போன் போட்டுப் பத்திரத்தை ஞாபகப்படுத்துவதை நிறுத்துங்கள். கடனில் அவரும் கையெழுத்துப் போட்டவர்தான், தெரியும். ஆனால் படித்தது நான், சம்பாதிப்பது நான். என்னிடம் கேளுங்கள்.