போர்காட் மலைப்பாதையின் பேசப்படாத கூலிக் கணக்கு

சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் செல்பவர்கள் லோனாவ்லாவைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். அங்கிருந்து கர்ஜத் வரை நீளும் போர்காட் இறக்கத்தில், மழைக்காலமானால் ஒவ்வொரு குகைக்கும் அடுத்து ஓர் அருவி தெரியும். திரும்பி வரும்போது கர்ஜத்தில் வண்டி நின்று, மலையேற்றத்துக்குத் துணையாகப் பின்னால் எஞ்சின்களைக் கோப்பதற்குள் பயணிகள் இறங்கிச் சூடான வடா பாவ் வாங்கிக்கொள்வதும் பல காலப் பழக்கம். இந்தப் பாதையைப் பற்றி இணையத்தில் எழுதப்படுபவை பெரும்பாலும் அருவியோடும் ஆங்கிலேயப் பொறியாளர்களின் திறமையோடும் முடிந்துவிடுகின்றன. இந்தப் பாதையின் வரலாற்றில் குகைகளுக்கு இருக்கும் அதே இடம் அங்கு நடந்த கூலித் தகராறுக்கும் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

தக்காணத்தின் பருத்தியைப் பம்பாய்த் துறைமுகத்துக்கு விரைவாகக் கொண்டுவர வேண்டும் என்பதே இப்பாதை போடப்பட்டதன் முக்கிய நோக்கம். கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பெர்க்லி வகுத்த தடம், ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்குள் 1,831 அடி உயரம் ஏறியது. செங்குத்தான இடங்களில் 37 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம். 25 குகைகளைக் குடைந்தும் ஒரே சரிவாக மேலே செல்ல இடம் போதாமல், கண்டாலாவுக்குக் கீழே ஒரு திருப்பு நிலையம் அமைத்தார்கள். வண்டி அங்கே நிற்கும், எஞ்சின் மறுமுனைக்கு மாறும், வந்த திசைக்கு எதிராக ஏற்றம் தொடரும். 1929இல் புதிய தடம் போடப்படும் வரை எல்லா வண்டிகளும் இப்படித்தான் ஏறி இறங்கின.

வேலை 1856 ஜனவரியில் தொடங்கியது. வெடிமருந்துக்குத் துளையிட வேண்டிய கருங்கல் முகங்கள் சிலவற்றில் கால் வைக்கக்கூட இடம் கிடையாது. மேலிருந்து கயிற்றில் ஆட்களை இறக்கி, அவர்கள் அந்தரத்தில் தொங்கியபடியே கையால் துளையிட்டார்கள். குடும்பம் குடும்பமாக வந்தவர்களில் பெண்களும் சிறுவர்களும் மண் சுமந்தார்கள். மழை தொடங்கினால் வேலை நின்றுபோகும். ஊருக்குக் கலைந்து சென்றவர்களை மழைக்குப் பின் மீண்டும் திரட்ட வேண்டும். 1861இல் சுமார் 42,000 பேர் அந்த மலையில் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள்.

ஒப்பந்தத்தை முதலில் எடுத்தவர் வில்லியம் ஃபேவியல். அவருக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர்கள், அவர்களுக்குக் கீழே மேஸ்திரிகள் எனப் படிப்படியாக இறங்கிய பணம், கல் உடைத்தவன் கைக்கு வரும்போது குறைந்திருந்தது, அல்லது வரவே இல்லை. 1859 ஜனவரியில், கூலி பாக்கியால் கொதித்தெழுந்த தொழிலாளர்கள் ஐரோப்பிய மேற்பார்வையாளர்களோடு மோதினார்கள். அரசு விசாரணை நடத்தியது. சில வாரங்களில் ஃபேவியல் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். ஆவணங்களில் இது 'கலகம்' என்றே பதிவாகியிருக்கிறது. உழைத்த கூலியைக் கேட்டதற்கு இப்படி ஒரு பெயர் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து வந்த சாலமன் டிரெட்வெல், இந்தியாவுக்கு வந்த சில வாரங்களிலேயே நோயுற்று இறந்தார். அவருடைய மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தைக் கைவிடாமல், அனுபவமுள்ள இரண்டு பொறியாளர்களின் பொறுப்பில் வேலையை விட்டு, இறுதிவரை முடித்துக் கொடுத்தார். கணவரை இழந்த ஒரு பெண் அந்தக் காலத்தில் அப்படி ஒரு முடிவெடுத்தது பெரிய காரியம்தான். இக்கதையை விரும்பிப் பகிர்கிறோம். ஆனால் சாலமனைப் போல அதே மலையில் காலராவிலும் காய்ச்சலிலும் மாண்ட ஆயிரக்கணக்கானோரில் ஒருவருடைய பெயரையும் நாம் பகிர்வதில்லை. அவர்களைத் தலைக்கணக்காக மட்டுமே நிர்வாகம் எழுதி வைத்தது. உள்ளூர் மக்கள் நினைவில் வைத்திருப்பது, கணவாய் வழியை ஆங்கிலேயருக்குக் காட்டியதாகச் சொல்லப்படும் ஷிங்ரோபா என்ற ஆட்டிடையனை. அவருக்கு மலைச்சாலையில் கோயில் இருக்கிறது; அந்தக் கதைக்கு ஆவணச் சான்று இல்லாவிட்டாலும், உழைப்பாளி ஒருவனுக்கு அந்த மலையில் கிடைத்த மரியாதை அதுவொன்றுதான்.

பாதை 1863இல் திறக்கப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பருத்தி வருவது தடைபட்டு, இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகள் இந்தியப் பருத்திக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. பம்பாய் வணிகர்கள் செழித்தார்கள்.

அதற்கு முன்பே, 1860இல், ரயில்வே போன்ற பொதுப்பணிகளில் எழும் கூலித் தகராறுகளை நீதிபதிகள் விரைவாகத் தீர்க்க ஒரு சட்டம் வந்தது. போர்காட்டில் நடந்ததும் அதற்கு ஒரு காரணம். கூலி கிடைக்காதவன் வழக்குத் தொடர அச்சட்டம் வழி செய்தது. கூடவே, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போகும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பவும் வழி செய்தது. கர்ஜத் நடைமேடையிலோ கண்டாலாவிலோ ரயில்வே ஒரு கல்வெட்டு வைக்குமானால், குகைகளின் எண்ணிக்கைக்கும் பெர்க்லியின் பெயருக்கும் பக்கத்தில் 1859இன் கூலிப் போராட்டத்தையும் இந்தச் சட்டத்தையும் மராத்தியில் முதலில் எழுத வேண்டும் என்று கேட்கிறேன்.