மூச்சைக் கவனிக்கும் சாக்ஸ் வாங்கும் முன்

மகள் பிறந்த பதினெட்டாம் நாள். டல்லாஸில் எங்கள் வீட்டில் இரவு 2.40க்கு அலாரம் அலறியது. ஓடிப்போய் அவளை வாரி எடுத்தேன், வீரிட்டு அழுதாள். அவளுக்கு ஒன்றுமில்லை. காலில் மாட்டியிருந்த சென்சார் சாக்ஸ் நழுவி, கட்டைவிரலில் தொங்கிக்கொண்டிருந்தது. விடியும்வரை அவள் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் சென்னையிலிருந்து சித்தி மகள் கேட்டாள்: "அக்கா, எந்த மானிட்டர் நல்லது?" ஏழு மாதக் கர்ப்பம் அவளுக்கு. அதனால்தான் எழுதுகிறேன்.

பச்சைக்குழந்தை நம்மைப் போல சீராக மூச்சு விடாது. வேகமாகச் சில மூச்சு, அப்புறம் ஐந்து பத்து விநாடி நிற்கும், திரும்பத் தொடங்கும். இது இயல்பு. 20 விநாடி நின்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாதி இரவுகள் தூங்கியிருப்பேன்.

நன்றாக இருந்த குழந்தை காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோகும் திடீர் சிசு மரணத்துக்கு மூச்சு நின்றுபோவதே காரணம் என்று 1970களில் நம்பி, வீடுகளில் மானிட்டர் வைக்கத் தொடங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வீட்டிலேயே கண்காணித்து 2001இல் வந்த ஆய்வு, ஆரோக்கியமான குழந்தைகளிடமும் அப்படி மூச்சு நிற்பது சகஜம் என்று காட்டியது. இந்த மரணத்தைத் தடுக்க மானிட்டரை நம்பாதீர்கள் என்றுதான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கத்தின் 2022 பரிந்துரையும் சொல்கிறது. குறைமாதக் குழந்தைக்கு மருத்துவரே எழுதிக்கொடுக்கும் கருவி வேறு விஷயம்.

மரணங்களைக் குறைத்தது மல்லாக்கப் படுக்க வைத்ததுதான். 1992இல் அந்தச் சங்கம் சொன்னது, 1994இல் நாடு முழுக்கப் பிரசாரம் நடந்தது. பத்தே வருடத்தில் இங்கே இந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாகின.

எங்கள் வீட்டில் சண்டை வந்தது தூளிக்காக. பிரசவம் பார்க்க வந்த அம்மா, பழைய நூல்சேலையோடு வந்திறங்கினார். "நீங்க ரெண்டு பேரும் தூளியிலதானே வளர்ந்தீங்க?" சரி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆட்டலாம், தூங்கியதும் தட்டையான மெத்தைக்கு மாற்றிவிட வேண்டும் என்றேன். துணி வளையும்போது தாடை நெஞ்சில் மடங்கி மூச்சுக்குழாய் நெருக்குப்படும். அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் ஒருநாள் நள்ளிரவு நான் எழுந்து பார்த்தபோது, கட்டிலில் நான் மறந்து விட்டிருந்த போர்வையை அவரே எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

தங்கச்சி, நீ அனுப்பிய தொட்டில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுற்றிலும் பஞ்சு வைத்த தடுப்பு, இலவம்பஞ்சுத் தலையணை, மூலையில் கரடி பொம்மை. அந்தத் தடுப்பை விற்கவே இங்கே 2022இல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். உன் பயம் எனக்குத் தெரியும். சாக்ஸ் வாங்கினாலும் நான் குறை சொல்லமாட்டேன். முதலில் குழந்தையின் மூக்கை அடைக்கக்கூடிய அந்த மூன்றையும் எடுத்துவிட்டு, விரிப்பை இறுக்கிக் கட்டி இன்னொரு போட்டோ அனுப்பு.