14 லட்சத்தை நிறுத்த 25,000 ரூபாய்

கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்து வீடு திரும்பும்போது லாரி மோதி எங்கள் சித்தப்பா இறந்துபோனார். கடலூர் கோர்ட்டில் சித்திக்கு 14 லட்சம் ரூபாய் இழப்பீடு தீர்ப்பானது. ஆறு மாதம் கழித்து தேவனாம்பட்டினம் வீட்டுக்கு சென்னை உயர் நீதிமன்ற நோட்டீஸ் வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி அப்பீல் போயிருந்தது.

“ஜெயிச்சது நாமதானேப்பா, அப்புறம் எதுக்கு நம்மளக் கூப்பிடுறாங்க?” என்று சித்தி கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எளியவர்கள் மேல்கோர்ட்டில் தோற்பதற்கு நீதிபதிகளின் மனச்சாய்வுதான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மார்க் கேலன்டர் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் 1974-லேயே இதை விளக்கி எழுதினார். இன்சூரன்ஸ் கம்பெனி போல கோர்ட்டுக்கு அடிக்கடி வருகிறவர், தோற்கும் என்று தெரிகிற வழக்கைப் பேசி முடித்துவிடுவார். தனக்குச் சாதகமானதை மட்டும் மேலே கொண்டுபோவார். எதை மேலே அனுப்புவது என்பதே அவர் கையில் இருக்கிறது. அதில் ஒன்று தோற்றாலும் அவருக்கு ஆயிரத்தில் ஒன்று. சித்திக்கு இருந்ததே அந்த ஒரு வழக்குதான். ஒவ்வொரு முறை வக்கீலைப் பார்க்க சென்னைக்குப் போகும்போதும் அன்றைய மீன் வியாபாரம் போச்சு.

சட்டமே இதற்கு இடம் கொடுக்கிறது என்பதுதான் என் கோபம். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 173-வது பிரிவைப் பாருங்கள். இழப்பீடு தர வேண்டியவர் அப்பீல் போக 25,000 ரூபாய், அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இதில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். 14 லட்சத்துக்கும் 25,000தான், 50 லட்சத்துக்கும் 25,000தான்! தீர்ப்பை நிறுத்திவைக்க ஸ்டே கேட்கும்போது கூடுதலாக டெபாசிட் கட்டச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடுவது உண்டு. ஆனால் அது அந்தந்த வழக்கைப் பொறுத்தது.

வேலையிடத்தில் இறக்கும் தொழிலாளிக்கான 1923-ஆம் வருடச் சட்டத்தில் முதலாளி முழு இழப்பீட்டையும் டெபாசிட் கட்டிய பிறகுதான் அப்பீல் போக முடிந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலேயே இருந்த இந்த நியாயம், சாலையில் செத்தவர் குடும்பத்துக்கு ஏன் இல்லை? 173-வது பிரிவைத் திருத்தியே ஆக வேண்டும்.

சித்தியின் வழக்கு நான்கு வருடம் ஓடி, 2 லட்சம் குறைந்தது. அதைவிட எனக்கு வலிக்கிற விஷயம் வேறு. எதிராளி அப்பீல் போனால், அதே வழக்கில் “எனக்குக் கிடைத்த தொகை போதாது” என்று நாமும் கிராஸ் அப்ஜக்‌ஷன் போடலாம். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து ஒரு மாதம் அவகாசம் உண்டு. இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவிடம் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. புதுச்சேரிக்காரர்களின் அப்பீலும் இதே சென்னை கோர்ட்டுக்குத்தான் போகிறது, புதுச்சேரியில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே, அந்தத் தேதியைக் கவர் மேல் எழுதி வையுங்கள்.