கிரண் பிரிட்டனிலிருந்து வந்த விமானமன்று

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத் தமிழ்க் குழுக்களின் வாட்ஸ்அப்பில், ‘நம் விமானப்படையின் கிரண் பயிற்சி விமானம் பிரிட்டனின் ஜெட் ப்ராவோஸ்ட்; பெயரையும் வண்ணத்தையும் மட்டுமே மாற்றினார்கள்’ என்னும் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கிரண், வி. எம். காட்டகே தலைமையில் பெங்களூரு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் வடிவமைக்கப்பட்டு, 1964 செப்டம்பரில் முதன்முறையாகப் பறந்தது. மயக்கத்துக்குக் காரணம் உண்டு. இரண்டிலும் ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்வார்கள், காற்று உள்ளிழுக்கும் வாய்கள் இருபுறமும் இருக்கும், கிரணின் முதல் வகைக்கு உந்துவிசை தந்ததும் பிரிட்டனின் வைப்பர் எஞ்சின்தான். ஆனால் எஞ்சின் வெளிநாட்டது என்பதால் விமானமே வெளிநாட்டது ஆகிவிடாது. படங்களை உற்றுப் பாருங்கள்: ஜெட் ப்ராவோஸ்டின் பல வகைகளில் இறக்கை நுனியிலேயே எரிபொருள் கலம் இருக்கும், கிரணிலோ கூடுதல் கலம் இறக்கைக்கு அடியில் தொங்கும்.

1976-இல் பறந்த இரண்டாம் வகைக்கு ஆர்ஃபியஸ் எஞ்சின் பொருத்தப்பட்டது. 1996-இல் உருவான விமானப்படையின் சூர்யகிரண் வான்சாகசக் குழு, பெயரிலேயே கிரணைத் தாங்கி, 2011 வரை பறந்தது இவ்வகையில்தான். நம் பொறியாளர்கள் பலகையில் கோடு கோடாக வரைந்து உருவாக்கியதை இரவல் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது. அச்செய்தியை அனுப்பியவர்கள் அதே குழுவில் திருத்தத்தையும் பகிர வேண்டுகிறேன்.