கடைசி இலக்கம் எல்லாம் பூஜ்யம்

போன வாரம் ஒரு ரத்த அழுத்த மருந்து ஆய்வின் தரவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குழுவுக்குப் புது மருந்து, இன்னொரு குழுவுக்கு அது இல்லை; இரண்டின் சராசரியையும் கழித்துப் பார்ப்பதுதான் கணக்கு. ஒரு மையத்திலிருந்து வந்த அளவுகள்: 140, 150, 130, 160, 140. கீழே போகப் போக அதே கதை. பாதரச மானியில் கோடுகள் இரண்டிரண்டாக இருக்கும். ஒழுங்காகப் படித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு அளவுதான் பூஜ்யத்தில் முடியும். இங்கே அநேகமாக எல்லாமே பூஜ்யம். அளந்தவர் பொய் எழுதவில்லை. வெளியே ஆட்கள் காத்திருக்கும்போது 138 என்பது 140 ஆகிவிடுகிறது.

இதைச் சொன்னதும் வந்த பதில்: “ரெண்டு குழுவிலும் அதே தப்புதானே, கழித்தால் போய்விடும்.”

பாதி சரி. மானி எல்லோருக்கும் 5 கூட்டிக் காட்டினால், சராசரிகளைக் கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும். முன்னும் பின்னுமாகச் சிதறும் பிழைகூட சராசரி வித்தியாசத்தை ஒரு பக்கமாக இழுக்காது. ஆனால் பள்ளியில் படித்தோமே, விலக்க வர்க்கச் சராசரி, அதாவது அளவுகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் எண், அதில் பாதி அளவீட்டுப் பிழையால் வந்தது என்றால் அதே துல்லியத்துக்கு இரண்டு மடங்கு ஆட்கள் வேண்டும். அவர்கள் எண்கள் இல்லை. ஊசி குத்திக்கொண்டு, பக்கவிளைவு வரலாம் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவர்கள். நாம் சரியாக அளக்காததற்கு அவர்கள் ஏன் கூடுதலாக வர வேண்டும்?

‘நோய் திரும்ப வந்ததா, இல்லையா’ என்று பார்க்கும் ஆய்வுகளில் அந்தப் பாதிச் சமாதானமும் கிடையாது. உண்மையில் ஒரு குழுவில் 20%, மற்றதில் 10% பேருக்கு நோய் திரும்பியது என்று வையுங்கள். நம் சோதனை, நோய் உள்ளவர்களில் 80% பேரைத்தான் பிடிக்கிறது; இல்லாதவர்களில் 10% பேருக்கு இருப்பதாகச் சொல்லிவிடுகிறது. கணக்குப் போட்டால் கைக்கு வருவது 24%, 17%. வித்தியாசம் 10-லிருந்து 7 ஆகிவிட்டது! இரு பக்கமும் ஒரே சோதனை, ஒரே அளவு பிழை, இருந்தும் மருந்தின் பலன் சுருங்கிவிட்டது. இன்னும் ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் அந்த 7-ஐத்தான் இன்னும் உறுதியாகச் சொல்வோம். புது மருந்து பழையதைவிட மோசமில்லை என்று காட்டும் ஆய்வுகளில் இது எனக்குப் பெரும் கவலை. மோசமாக அளந்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேறக் கூடாத மருந்தும் தேறிவிடும்.

இதைவிடப் பயம் தருவது, அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரிந்திருப்பது. கனடாவில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் பற்றி நடந்த ஒரு ஆய்வில் ஒரே நோயாளிகளை இரண்டு வகை நரம்பியல் மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். சிகிச்சை விவரம் தெரிந்தவர்கள் கண்ணுக்குப் பலன் இருந்தது. தெரியாதவர்கள் கண்ணுக்கு இல்லை. 1994-ல் வெளியானது. இதில் கழித்தால் அடிபட எதுவும் இல்லை, பிழை ஒரு குழுவின் பக்கம் மட்டும் சாய்ந்திருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்து சராசரி எடுப்பது எளிது. அதற்கு மேல், பங்கேற்பாளர்களில் ஒரு பகுதியினரை, இரண்டு குழுவிலிருந்தும், இன்னும் நம்பகமான முறையில் மறுபடி அளக்க வேண்டும். அப்போதுதான் நம் சோதனை எவ்வளவு தப்புகிறது என்பதே தெரியும், முடிவைத் திருத்தவும் முடியும். அந்தத் திருத்தம் எப்படி என்பதை முதல் ஆள் சேரும் முன்பே ஆய்வுத் திட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு அப்புறம் தேர்ந்தெடுத்த திருத்தத்தை நான் நம்ப மாட்டேன், என் சொந்த ஆய்வாக இருந்தாலும்.