மங்கலான வாலுக்குப் பெரிய ஆடி கட்டாயமில்லை

"தொலைநோக்கியில் பெரிய ஆடி இல்லாவிட்டால் விண்மீன் மண்டலங்களின் ஓத வால்கள் படத்தில் விழவே விழாது" என்று சிலர் சொல்வது தவறு. ஓத வால் என்பது, மண்டலங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும்போது வெளியே இழுபடும் நட்சத்திரக் கீற்று. புள்ளியாகத் தெரியும் நட்சத்திரத்துக்கு ஆடியின் அகலம் முக்கியம், சரி. பரந்து கிடக்கும் மங்கல் ஒளிக்கு, ஒரே கேமராவில், குவிய விகிதம்தான் (குவிய தூரத்தை லென்ஸ் அல்லது ஆடியின் விட்டத்தால் வகுத்தால் வருவது) கணக்கு. டிராகன்ஃபிளை என்ற தொலைநோக்கியை அமைத்த வானியல் குழுவினர் 400 மி.மீ. எஃப்/2.8 கேமரா லென்ஸ்களை ஒன்றாகக் கட்டித்தான் மிக மங்கலான மண்டலங்களைப் பிடித்தார்கள்.

சிம்ம விண்மீன் குழுவில் தெரியும் என்ஜிசி 3628 என்ற மண்டலத்தின் வால் சுமார் 3 லட்சம் ஒளியாண்டு நீளம். நல்ல இருட்டு வானத்தில் பல மணி நேர எக்ஸ்போஷர்களை அடுக்கினால், சின்னத் தொலைநோக்கியிலேயே சாம்பல் கீற்றாக எழுந்து வரும். ஃபிளாட் ஃபிரேம் (படத்தின் ஒளிச் சீரின்மையைத் திருத்த, சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். பின்னணி ஒரு சதவீதம் பிசகினாலே வால் அதில் கரைந்துவிடும். அப்புறம், மென்பொருளில் பின்னணியைச் சமன்செய்யும்போது, 'இது வெறும் வானம்' என்று காட்டும் மாதிரிப் புள்ளியை வாலின் மேல் வைக்காதீர்கள். மென்பொருள் அதையும் சேர்த்துத் துடைத்துவிடும்.